ஆவணத் தரவுத்தள வினவலில் முடிவுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழர்கள் சிலர் சனிக்கிழமை மாலைகளில் அல்சூரில் ஒரு நண்பரின் வீட்டு மாடியில் கூடி, அந்த வாரத்து வேலையில் எழுந்த ஐயங்களைப் பேசித் தீர்த்துக்கொள்வது வழக்கம். அங்கே மாதந்தோறும் யாராவது ஒருவர் கொண்டுவரும் சிக்கல், ஆவணத் தரவுத்தளத்திடம் நாம் கேட்கும் கேள்வி, அதாவது வினவல், திருப்பித் தரும் ஆவணங்களின் எண்ணிக்கையை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதுதான். புதிதாகச் சேருபவர்களுக்கு உதவும் என்று அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. நான் முன்பு வேலை பார்த்த ஒரு சிறு நிறுவனத்தில், கே.ஆர். மார்க்கெட்டின் பூ மண்டிக்காரர்களுக்காக வரத்தைப் பதிவு செய்யும் செயலி ஒன்றை எழுதினோம். விடியற்காலையில் வந்திறங்கும் ஒவ்வொரு லாட்டும், அதாவது ஒவ்வொரு பூச்சரக்கும், ஓர் ஆவணம். அதில் மண்டி எண், பூவின் பெயர், கிலோ, விலை, வந்த நேரம் ஆகியவை தனித்தனிப் புலங்களாக இருக்கும். இந்த ஆவணங்கள் சேர்ந்திருக்கும் தொகுப்பின் பெயர் 'வரத்து'. வேறு பெயர் சொல்லாத இடங்களில் எல்லாம் மாங்கோடிபி என்ற ஆவணத் தரவுத்தளத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று கொள்ளவும்.

லிமிட் என்பது சரியாக என்ன செய்கிறது?

ஆவணங்களைத் தேடும் ஃபைண்ட் வினவலுக்குப் பின்னால் லிமிட் என்று எழுதி 20 என்ற எண்ணைக் கொடுத்தால், நிபந்தனைக்குப் பொருந்தும் ஆவணங்கள் எத்தனை இலட்சம் இருந்தாலும் 20-க்கு மேல் உங்கள் நிரலுக்கு வந்து சேராது. 20-க்குக் குறைவாகவே பொருந்தினால் உள்ளவை மட்டும் வரும், பிழை எதுவும் எழாது. வரம்பு சர்வரிலேயே செயல்படுவதால், தேவையற்ற ஆவணங்கள் வலைப்பின்னல் வழியே பயணம் செய்வதில்லை. எல்லாவற்றையும் வரவழைத்துவிட்டு நிரலுக்குள் முதல் 20-ஐ வெட்டி எடுப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். தொகுப்பில் 500 ஆவணங்கள் இருக்கும்வரை அதில் வித்தியாசம் தெரியாது. தொகுப்பு வளர்ந்த பிறகு சர்வரும் வலைப்பின்னலும் கைப்பேசியின் நினைவகமும் சேர்ந்து திணறும்.

லிமிட் போட்ட பிறகும் வினவல் மெதுவாகவே இருக்கிறது. ஏன்?

மாடியில் அதிக நேரம் பேசப்படும் கேள்வி இது, அதற்குக் காரணமும் உண்டு. லிமிட் கட்டுப்படுத்துவது எத்தனை ஆவணங்கள் திரும்பி வரலாம் என்பதைத்தான். அந்த 20-ஐக் கண்டுபிடிக்கத் தரவுத்தளம் எத்தனை ஆவணங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இன்டெக்ஸ், அதாவது ஒரு புலத்தின் மதிப்புகளை வரிசையாக அடுக்கி வைத்த தேடுபட்டியல். இந்த இரண்டு எண்ணிக்கைகளையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற கேள்விகளில் பாதிக்கு உங்களுக்கே விடை தெரிந்துவிடும்.

வந்த நேரத்துக்கு மட்டும் இன்டெக்ஸ் இருக்கிறது என்று வையுங்கள். ஒருவர் மல்லிகையைத் தேடி, புதியது முதலில் வருமாறு வரிசைப்படுத்தி, 20 என்று வரம்பு விதிக்கிறார். மல்லிகை அன்றாடம் வந்து குவிகிற பூ. ஆகவே தரவுத்தளம் கடைசி நேரத்திலிருந்து பின்னோக்கி நடக்கத் தொடங்கிய சற்று நேரத்திலேயே 20 கிடைத்துவிடும், அங்கேயே நின்றுவிடும். அதே வினவலில் இப்போது செண்பகத்தைத் தேடுகிறார். செண்பகம் அபூர்வமாக வரும், மொத்தத் தொகுப்பிலும் 7 லாட்டுகள்தான் இருக்கின்றன. ஏழாவதைக் கண்ட பிறகும் எட்டாவது ஒன்று எங்கேயாவது இருக்குமோ என்று, தொகுப்பின் முதல் நாள்வரை தரவுத்தளம் நடந்து பார்த்தே ஆக வேண்டும். வரம்பு எட்டப்படாதவரை நிற்பதற்கு அதற்கு உரிமை இல்லை. இதனால்தான் ஒரே வினவல் ஒரு பூவுக்குக் கண்ணிமைக்கும் நேரத்திலும் இன்னொரு பூவுக்குப் பல விநாடிகளிலும் பதில் தருகிறது. பரிசோதனையின்போது மல்லிகையை மட்டும் தேடிப் பார்த்துத் திருப்தியடைந்தால் இந்தக் குறை கண்ணில் படாது.

பூவின் பெயரையும் நேரத்தையும் அதே வரிசையில் சேர்த்து ஒரு கூட்டு இன்டெக்ஸ் அமைத்தால், செண்பகத்தின் 7 பதிவுகளும் இன்டெக்ஸில் ஒட்டி உட்கார்ந்திருக்கும். தரவுத்தளம் ஏழையும் எடுத்துக்கொண்டு அடுத்த பூவின் எல்லையைத் தொட்டவுடன் நின்றுவிடும். கூட்டு இன்டெக்ஸில் புலங்களை அடுக்கும்போது, சமமா என்று பார்க்கும் புலங்கள் முதலிலும், வரிசைப்படுத்தும் புலங்கள் அடுத்தும், 'இதற்கு மேல், இதற்குள்' என்று வீச்சாகப் பார்க்கும் புலங்கள் கடைசியிலும் வர வேண்டும் என்பது மாங்கோடிபி பயன்படுத்துவோர் பின்பற்றும் பொது விதி. மண்டி எண் சமம், நேரம் வரிசை, கிலோ 50-க்கு மேல் என்ற வினவலுக்கு அந்த ஒழுங்கிலேயே இன்டெக்ஸ் அமைய வேண்டும்.

சந்தேகம் வந்தால் எக்ஸ்ப்ளெய்ன் கட்டளையை எக்ஸிக்யூஷன் ஸ்டாட்ஸ் நிலையில் ஓட்டிப் பாருங்கள். திரும்பிய ஆவணங்கள் எத்தனை, பார்த்த ஆவணங்கள் எத்தனை, பார்த்த இன்டெக்ஸ் பதிவுகள் எத்தனை என்று தனித்தனியாகக் காட்டும். திரும்பியது 20, பார்த்தது 3,40,000 என்று வந்தால் லிமிட்டைக் குறைத்துப் பயனில்லை, இன்டெக்ஸைக் கவனியுங்கள்.

வரிசைப்படுத்தாமல் லிமிட் மட்டும் போடலாமா?

தொகுப்பில் ஆவணங்கள் எந்த வடிவில் இருக்கின்றன என்று பார்ப்பதற்கு மாதிரியாகச் சில வேண்டும் என்றால் போடலாம். பயனருக்குக் காட்டும் பட்டியலுக்கு ஒருபோதும் கூடாது. வரிசைப்படுத்தும் சார்ட் இல்லாத வினவலில், சேர்த்த வரிசையிலேயே ஆவணங்கள் திரும்பும் என்று தரவுத்தளம் எந்த உறுதியும் தருவதில்லை. பல நாள் அப்படி வருவதைப் பார்த்து அதை விதியென நம்பிவிடுகிறோம். பின்னர் யாரோ ஒரு புதிய இன்டெக்ஸ் சேர்க்க, வினவல் வேறு வழியில் ஓடத் தொடங்கி, முதல் 20 என்று நாம் நினைத்தவை மாறிப் போகின்றன. 'முதல் 20' என்ற சொல்லுக்குப் பொருள் கிடைப்பதே வரிசை ஒன்று இருந்தால்தான்.

வரிசைப்படுத்தியும்கூட ஒரே பதிவு இரண்டு பக்கங்களில் வருகிறதே?

இது எங்களுக்கே நேர்ந்தது. செயலியின் முதல் வடிவத்தில் நேரத்தைச் சேமிக்காமல் தேதியை மட்டும் சேமித்திருந்தோம். பட்டியல் தேதியின்படி வரிசைப்படுத்தப்பட்டு, பக்கத்துக்கு 20 லாட்டுகளாகக் காட்டப்பட்டது. ஒரு நாள் விடியற்காலை மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது, மண்டியின் கணக்குப்பிள்ளை கைப்பேசியை என் கையில் கொடுத்து, தம் சிட்டையைப் பக்கத்தில் விரித்து வைத்தார். "தம்பி, இந்த ஓசூர் ரோஜா 12 கிலோ ரெண்டு தடவை வந்திருக்கு பாருங்க. நம்ம சாமந்தி லாட்டு ஒண்ணு எங்கயுமே காணோம்" என்றார். முதல் பக்கத்தின் கடைசி வரியிலும் இரண்டாம் பக்கத்தின் முதல் வரியிலும் அதே ரோஜா இருந்தது. சாமந்தி தரவுத்தளத்தில் பத்திரமாக இருந்தது, ஆனால் எந்தப் பக்கத்திலும் தலைகாட்டவில்லை. பென்சிலால் எழுதிய சிட்டை சரியாக இருந்தது, நாங்கள் எழுதிய செயலி தப்பாக இருந்தது. அவர் அந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்காவிட்டால் ஒரு விவசாயியின் லாட்டுக்குப் பணம் பட்டுவாடா ஆகாமல் போயிருக்கும்.

காரணம் எளியது. ஒரே தேதியில் 60 லாட்டுகள் இருந்தால், வரிசைப்படுத்தும் புலத்தில் அறுபதுக்கும் ஒரே மதிப்பு. அந்த அறுபதுக்குள் எது முன், எது பின் என்று தரவுத்தளத்துக்கு நாம் சொல்லவில்லை. முதல் பக்கத்துக்கு ஒருவிதமாகவும் இரண்டாம் பக்கத்துக்கு வேறுவிதமாகவும் அவற்றை அடுக்க அதற்குச் சுதந்திரம் உண்டு. திருத்தம் ஒரே வரிதான். வரிசைப்படுத்தும்போது கடைசிப் புலமாக, மதிப்பு ஒருபோதும் மறுபடி வராத ஒன்றைச் சேர்த்துவிட வேண்டும். ஒவ்வொரு ஆவணத்திலும் கட்டாயமாக இருக்கும் ஐடி புலம் அதற்குப் போதும். இன்றுவரை நான் எழுதும் எந்தப் பட்டியலிலும் ஐடி இல்லாமல் சார்ட் எழுதுவதில்லை.

சார்ட், ஸ்கிப், லிமிட் ஆகியவற்றை எந்த வரிசையில் எழுத வேண்டும்?

ஃபைண்ட் வினவலில் எப்படி எழுதினாலும் விளைவு ஒன்றே. சர்வர் முதலில் வரிசைப்படுத்தி, பிறகு ஸ்கிப் சொன்ன எண்ணிக்கையைத் தாண்டி, கடைசியில் வரம்பு விதிக்கும். பல படிகளை அடுத்தடுத்து ஓட்டும் அக்ரிகேஷன் பைப்லைனில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொன்றும் தனிப்படி, எழுதிய வரிசையிலேயே நடக்கும். லிமிட்டை முதலில் எழுதி, வடிகட்டும் படியான மேட்ச்சைப் பிறகு எழுதினால், ஏதோ 20 ஆவணங்களை எடுத்து அந்த இருபதுக்குள் மட்டும் வடிகட்டும், பல நேரம் வெறுங்கையோடு திரும்பும். வடிகட்டுதல், வரிசைப்படுத்துதல், வரம்பு என்ற ஒழுங்கே பெரும்பாலும் சரி. வேறொரு தொகுப்பிலிருந்து விவரங்களை இணைக்கும் லுக்கப் படியை, முடிந்தவரை லிமிட்டுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால், தூக்கி எறியப்படப்போகும் இலட்சக்கணக்கான ஆவணங்களுக்கும் சேர்த்து இணைப்பு வேலை நடக்க இடம் கொடுத்ததாகும்.

சார்ட்டை அடுத்து உடனே லிமிட் வந்தால் இன்னொரு நன்மை உண்டு. இன்டெக்ஸ் உதவாமல் நினைவகத்தில் வரிசைப்படுத்த நேர்ந்தாலும், வரும் ஆவணங்களில் மேலான 20-ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தரவுத்தளம் விட்டுவிடும். நினைவகத்தில் நடக்கும் வரிசைப்படுத்தலுக்கு 100 எம்பி என்ற உச்சம் இருப்பதால், அதைத் தொடாமல் தப்பிக்க இது உதவும். ஆனால் எல்லா ஆவணங்களையும் ஒருமுறை படித்தாக வேண்டிய வேலை அப்படியேதான் இருக்கும்.

லிமிட்டுக்கு 0 கொடுத்தால் என்ன ஆகும்? எதிர்ம எண் கொடுத்தால்?

ஃபைண்ட்டில் 0 என்றால் 'ஒன்றும் வேண்டாம்' என்று பொருள் இல்லை, 'வரம்பே வேண்டாம்' என்று பொருள். அக்ரிகேஷன் படியில் 0 ஏற்கப்படாது, பிழை எழும். ஃபைண்ட்டில் மைனஸ் 20 என்று கொடுத்தால், ஒரே தவணையில் அடங்குகிறவற்றை மட்டும் அனுப்பிவிட்டு, முடிவுகளைத் தவணை தவணையாகப் படிக்க உதவும் கர்சர் மூடப்படும். ஆவணங்கள் பெரியவையாக இருந்தால் 20-க்குக் குறைவாகவும் வரலாம்.

ஸ்கிப் வைத்துப் பக்கம் பிரித்தால் கடைசிப் பக்கங்கள் ஏன் மந்தமாகின்றன?

பக்கத்துக்கு 20 என்றால் 501-ஆம் பக்கத்துக்கு 10,000 பதிவுகளைத் தாண்ட வேண்டும். தரவுத்தளத்தால் நேராகப் பத்தாயிரத்தோராவது இடத்துக்குப் பாய முடியாது. தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நடந்து, பத்தாயிரத்தைக் கழித்த பிறகு 20-ஐத் தருகிறது. போதாததற்கு, பயனர் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது புதிய லாட்டு ஒன்று மேலே வந்து சேர்ந்தால் எல்லாம் ஓர் இடம் கீழே இறங்கிவிடும். அப்போது முதல் பக்கத்தின் கடைசிப் பதிவு இரண்டாம் பக்கத்தில் மறுபடி வரும். விடியற்காலை 4 மணி மார்க்கெட்டில் இது நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கக்கூடியது.

நல்ல வழி, விட்ட இடத்தை நினைவில் வைத்துத் தொடர்வது. புத்தகத்தில் அடையாளத் தாள் வைப்பதைப் போல, காட்டிய கடைசிப் பதிவின் நேரத்தையும் ஐடியையும் கைப்பேசியே வைத்துக்கொள்ளட்டும். அடுத்த பக்கத்துக்கான வினவலில், 'நேரம் அந்த நேரத்துக்கு முந்தையதாக இருக்க வேண்டும், அல்லது நேரம் அதுவேயாகி ஐடி அந்த ஐடியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும்' என்ற நிபந்தனையைச் சேர்த்து, இரண்டு புலங்களையும் இறங்குவரிசையில் அடுக்கி, 20 என்று வரம்பு விதியுங்கள். மண்டி எண், நேரம், ஐடி மூன்றுக்கும் சேர்த்து ஓர் இன்டெக்ஸ் இருந்தால், ஆயிரமாவது பக்கமும் முதல் பக்கத்தின் வேகத்திலேயே வரும். புதிய லாட்டுகள் மேலே எத்தனை வந்தாலும் தொடர்ச்சி கெடாது. நிபந்தனையின் இரண்டாம் பாதியை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் ஒப்பிட்டால், அதே நேரத்தில் பதிவான லாட்டுகள் பக்க எல்லையில் விழுங்கப்படும், ஆகவே அதைச் சுருக்கி எழுத வேண்டாம்.

இந்த முறையில் '37-ஆம் பக்கத்துக்குப் போ' என்று நேராகத் தாவ முடியாது என்பது உண்மை. கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும் பட்டியலுக்கு அது தேவையும் இல்லை. அலுவலகத்தில் கணினித் திரையில் பார்ப்பவர்கள் கேட்டால், பக்க எண்ணுக்குப் பதிலாகத் தேதியைத் தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் உண்மையில் தேடுவது ஒரு நாளைத்தான்.

அடுத்த பக்கம் உண்டா என்று எப்படி அறிவது? மொத்த எண்ணிக்கையைக் காட்ட வேண்டுமா?

20 காட்ட வேண்டும் என்றால் 21 கேளுங்கள். இருபத்தொன்றாவது வந்தால் அடுத்த பக்கம் உண்டு, அதைக் காட்டாமல் விட்டுவிடலாம். மொத்த எண்ணிக்கை வேண்டுமென்றால் கவுண்ட் டாக்குமென்ட்ஸ் பொருந்துகிற அனைத்தையும் எண்ணும், அது பெரிய தொகுப்பில் செலவான வேலை. அந்தக் கட்டளைக்கும் ஒரு வரம்பு கொடுக்கலாம். 1,000 என்று கொடுத்து, ஆயிரம் வந்துவிட்டால் திரையில் '1,000-க்கு மேல்' என்று காட்டினால் எந்த மண்டிக்காரரும் குறைபட்டுக்கொள்ள மாட்டார். நிபந்தனையே இல்லாத முழுத் தொகுப்பின் தோராய எண்ணிக்கைக்கு எஸ்டிமேட்டட் டாக்குமென்ட் கவுண்ட் என்ற தனிக் கட்டளை உண்டு, அது எண்ணாமலே தொகுப்பின் குறிப்பிலிருந்து பதில் சொல்லும்.

பேட்ச் சைஸும் லிமிட்டும் ஒன்றா? ஷெல்லில் 20 மட்டுமே வருகிறதே?

இரண்டும் வேறு. லிமிட் மொத்த எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும், பேட்ச் சைஸ் ஒரு தவணைக்கு எத்தனை என்பதை மட்டும் சொல்லும். எதுவும் குறிப்பிடாவிட்டால் முதல் தவணையில் 101 ஆவணங்கள் வரும், அடுத்த தவணைகளுக்கு 16 எம்பி என்ற அளவே எல்லை. நீங்கள் கர்சரைச் சுற்றிக்கொண்டே போனால் கடைசி ஆவணம் வரை வந்துவிடும். கட்டளைகளைத் தட்டிப் பார்க்கும் திரையான ஷெல் 20 ஆவணங்களைக் காட்டி நிற்பது பார்ப்பவரின் வசதிக்காகத்தான். 'இட்' என்று தட்டினால் அடுத்த 20 வரும். ஷெல்லில் 20 வந்ததை நம்பி அதே வினவலை வரம்பில்லாமல் நிரலில் எழுதிவிடாதீர்கள்.

ஒவ்வொரு பூவுக்கும் கடைசி 3 விலைகள் மட்டும் வேண்டும். லிமிட் உதவுமா?

உதவாது, லிமிட் முழு முடிவுக்கும் சேர்த்து ஒன்றுதான். அக்ரிகேஷனில் பூவின்படி குழுவாக்கி, ஒவ்வொரு குழுவிலும் மேலான சிலவற்றை மட்டும் தரும், 5.2-ஆம் பதிப்பில் வந்த டாப்-என் என்பதைப் பயன்படுத்துங்கள். ஓர் ஆவணத்துக்குள் உள்ள பட்டியலில் சிலவற்றை மட்டும் எடுக்க ஸ்லைஸ் இருக்கிறது.

ஷார்டுகளாக, அதாவது பல சர்வர்களில் வைத்த துண்டுகளாக, பிரித்த தரவுத்தளத்தில் என்ன மாறும்?

முடிவு மாறாது, உழைப்பு மாறும். உங்கள் நிரலுக்கும் ஷார்டுகளுக்கும் இடையில் நிற்கும் மாங்கோஸ் என்ற நிரல் உங்கள் வரம்பை ஒவ்வொரு ஷார்டுக்கும் அனுப்பி, வந்தவற்றைத் தொகுத்து, மறுபடி வரம்பை விதிக்கும். ஸ்கிப் இருந்தால் அதை ஷார்டுகளிடம் ஒப்படைக்க முடியாது. எந்த ஷார்டில் எத்தனை தாண்டுவது என்று முன்கூட்டித் தெரியாதல்லவா? ஆகவே ஸ்கிப் 10,000, லிமிட் 20 என்றால் ஒவ்வொரு ஷார்டுக்கும் 10,020 என்ற வரம்பு போகும். விட்ட இடத்திலிருந்து தொடரும் முறை இங்கே இன்னும் அதிகமாகக் கைகொடுக்கும்.

மற்ற தரவுத்தளங்களிலும் இதே நடைமுறைதானா?

பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் மாறும், கவனம் தேவை. கௌச்டிபியின் ஃபைண்ட் வினவலில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டாலும் 25 மட்டுமே வரும். தரவு தொலைந்துவிட்டது என்று பதறி மாடிக்கு வந்தவர் ஒருவர் உண்டு. எலாஸ்டிக்சர்ச்சில் சொல்லாவிட்டால் 10, தாண்டலும் வரம்பும் சேர்ந்து 10,000-ஐ மீறினால் இயல்பு அமைப்பில் மறுத்துவிடும். ஃபயர்ஸ்டோரில் படிக்கும் ஆவணத்துக்குக் கட்டணம் என்பதால் லிமிட் நேரடியாகக் காசு. ஆஃப்செட் வைத்துத் தாண்டிய ஆவணங்களுக்கும் கட்டணம் உண்டு என்பதை மாதக் கடைசியில் அறிந்து வருந்தியவர்கள் இருக்கிறார்கள்.

டைனமோடிபியின் லிமிட் மிகவும் வேறுபட்டது. அது திரும்பி வருபவற்றை எண்ணுவதில்லை, பார்க்கப்பட்டவற்றை எண்ணுகிறது. 20 என்று சொன்னால் 20 பதிவுகளைப் பார்த்து, அதன் பிறகே வடிகட்டும். அவற்றில் ஒன்றுகூடப் பொருந்தாவிட்டால் வெற்றுப் பட்டியல் வரும், ஆனாலும் தேடல் முடிந்துவிட்டதாக ஆகாது. கூடவே வரும் கடைசிச் சாவி இருக்கும்வரை மேலும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 1 எம்பி என்ற எல்லையும் அங்கே உண்டு.

வரம்பைப் பயனரே தேர்ந்தெடுக்க விடலாமா?

விடலாம், ஆனால் உச்சவரம்பு சர்வர் பக்கத்தில் உங்கள் நிரலில் இருக்க வேண்டும். 10, 20, 50 என்று திரையில் பொத்தான்கள் மட்டும் வைத்தது போதும் என்று இருந்துவிடக் கூடாது, வலை முகவரியில் உள்ள எண்ணை யாரும் மாற்றி அனுப்பலாம். வருவது முழு எண்தானா என்று பாருங்கள், 1-க்குக் குறைவாக இருந்தால் இயல்பு மதிப்பைக் கொடுங்கள், 100-க்கு மேல் இருந்தால் 100 ஆக்குங்கள். முன்னே சொன்ன 0 இங்கேதான் ஆபத்தாகிறது. எண்ணாக மாற்ற முடியாத எழுத்தை 0 என்று மாற்றிவிடும் நிரல் வரியொன்று எங்கேனும் ஒளிந்திருந்தால், முழுத் தொகுப்பும் ஒரே வினவலில் கிளம்பிவிடும். ஏற்றுமதிக்காக எல்லாமே வேண்டும் என்று கேட்பவர்களுக்குத் தனி வழி அமைத்து, கர்சரைத் தவணை தவணையாகப் படித்துக் கோப்பில் எழுதிக்கொண்டே போங்கள். அந்த வேலையைப் பூ வந்திறங்கும் நேரத்தில் ஓட விடாமல் பிற்பகலுக்குத் தள்ளி வைத்தோம்.